நாள் தள்ளிப்போகும் முன்பே: கருவைப் பாதிக்கும் மருந்துகளையும் பொருள்களையும் விலக்கும் வழி

கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது பப்பாளியையும் அன்னாசியையும் ஒதுக்கிவைப்பதுதான். அதே வீட்டு அலமாரியில் முகப்பருவுக்கு வாங்கிய காப்ஸ்யூலும், மூன்று வருடமாக விழுங்கிவரும் பிரஷர் மாத்திரையும், யாரோ கொடுத்த நாட்டு மருந்துச் செந்தூரப் பொட்டலமும் அப்படியே இருக்கும். கருவின் உறுப்புகளை உண்மையிலேயே கெடுக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிக்கும், இந்த வாரம்தான் நாள் தள்ளிப்போய் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்தவருக்கும் சேர்த்தே இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் மனத்தில் நிறுத்த வேண்டியவை இரண்டு. இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுவிட்டோம் என்ற பயத்தில் கருவைக் கலைக்கவும் கூடாது. ஆபத்தான மருந்துகளால் வந்த இழப்புக்கு நிகராக, தேவையற்ற பயத்தால் வந்த இழப்பும் நம்மிடையே உண்டு.

எந்த மருந்தும் சாப்பிடாத, நல்ல ஆரோக்கியமான தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது. மருந்து, வேதிப்பொருள், கதிர்வீச்சு போன்றவை வெளியிலிருந்து வந்து உண்டாக்குவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் நாம் கையை வைத்துத் தடுக்கக்கூடியது அந்தப் பங்குதான்.

முதல் படி: தேதியைச் சரியாகக் கணக்கிடுங்கள்

ஒரு பொருள் கருவை என்ன செய்யும் என்பது, அது என்ன பொருள் என்பதைப் போலவே எந்த நாளில் உடலுக்குள் போனது என்பதையும் பொறுத்தது. மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு உண்மையில் உருவாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. இந்த இரண்டு வார வித்தியாசத்தைக் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் அழுதவர்கள் பலர்.

28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு மார்ச் 1 என்று வைத்துக்கொள்வோம். கரு உருவாவது மார்ச் 15 வாக்கில். அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய நாள் மார்ச் 29. வரவில்லை என்று கவனித்து, நாலைந்து நாள் பொறுத்து, பரிசோதனை செய்யும்போது ஏப்ரல் 3 ஆகிவிடும். ஏப்ரல் 6 வாக்கில் கருவின் இதயம் துடிக்கத் தொடங்கும். மூளையும் தண்டுவடமுமாக மாறப்போகும் நரம்புக் குழாய் ஏப்ரல் 12க்குள் மூடிக்கொள்ளும். கை கால் மொட்டு விடுவதும், காது, கண், இதயத்தின் தடுப்புச் சுவர்கள் உருவாவதும் மே 10 வரைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மேல் அண்ணம் மட்டும் இன்னும் ஓரிரு வாரம் எடுத்துக்கொள்ளும். ‘மூன்றாவது மாதம் போய் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தால், முக்கியமான வேலை முழுவதும் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

கரு உருவான முதல் இரண்டு வாரத்தில், நம் கணக்கில் மார்ச் 15 முதல் 29 வரை, பெரும்பாலான பொருள்களின் விளைவு இரண்டில் ஒன்று: கரு தங்காமலே போய்விடும், அல்லது பாதிக்கப்பட்ட செல்களை ஈடுசெய்துகொண்டு முழுமையாக வளரும். ஆகவே நாள் தள்ளிப்போகும் முன் ஒருமுறை எதையோ சாப்பிட்டோம் என்பது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. உடலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கிவிடும் மருந்துகள் இதற்கு விதிவிலக்கு. மூளை மட்டும் ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், மதுவும் ஈயமும் பாதரசமும் எந்த மாதத்திலும் ஆபத்தே.

இந்த நாட்கணக்கு எவ்வளவு கறாரானது என்பதைத் தாலிடோமைடு காட்டியது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக, மசக்கைக்கும் ஏற்றதாக விற்பனைக்கு வந்த மருந்து அது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்தார்கள். கரு உருவான 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தப் பாதிப்பு. நம் கணக்கில் ஏப்ரல் 4 முதல் 20 வரை. அந்த இடைவெளியில் ஒரே ஒரு மாத்திரை போதுமானதாக இருந்தது. இன்றும் தொழுநோயின் கடும் வீக்கத்துக்கும் ஒருவகை எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் இந்த மருந்து கொடுக்கப்படுகிறது. கணவர் அதைச் சாப்பிட்டாலும், விந்தில் அது கலந்து வருவதால், ஆணுறை கட்டாயம்.

மாதவிலக்குத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் அந்தத் தேதிதான் அடிப்படை.

இரண்டாம் படி: ஃபோலிக் அமிலம், கருத்தரிக்கும் முன்பே

நரம்புக் குழாய் மூடும் நாளைப் பார்த்தாலே இதன் அவசரம் புரியும். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கும் மாத்திரைக்கு ஒரு வாரம்தான் மிச்சம். எனவே கருத்தடையை நிறுத்துவதற்குக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் முடியும் வரை விடாதீர்கள். முன்பு நரம்புக் குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பெற்றவர்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியது. அப்படிப்பட்டவர்களுக்கும், வலிப்பு மாத்திரை சாப்பிடுவோருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்களுக்கும் மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார்.

மருந்துக் கடையில் ‘ஃபோலிக் ஆசிட்’ என்று மட்டும் கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். அது எல்லோருக்கும் தேவைப்படும் அளவைவிட 12 மடங்குக்கும் மேல். பிறவிக் குறைபாடு உண்டாக்காது என்றாலும், பி12 குறைவை வெளியே தெரியாமல் மறைத்துவிடக்கூடும். அசைவம் சாப்பிடாதவர்கள் பி12 அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. முருங்கைக்கீரையும் பயறும் தினமும் சாப்பிடுகிறேனே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இயற்கையான ஃபோலேட்டில் கணிசமான பகுதி கொதிக்கும் தண்ணீரிலேயே போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலாவது மாதத்திலிருந்து கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது ரத்தசோகைக்கானது. நரம்புக் குழாயைக் காக்கும் வேலைக்கு அது காலம் கடந்து வருகிறது.

மூன்றாம் படி: மருந்து டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு செய்தித்தாள் மேல் கொட்டுங்கள். மாத்திரை, டானிக், முகத்துக்குப் போடும் கிரீம், வைட்டமின் காப்ஸ்யூல், நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பது இங்கே சாதாரணம், ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அளவு, எந்த நோய்க்கு, எப்போதிலிருந்து என்பதையும் பக்கத்தில் எழுதி, அட்டைகளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ‘அந்த மஞ்சள் மாத்திரை’ என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று பிரிக்கும் பழைய அமெரிக்க முறையை இணையத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது தவறான புரிதலைத் தருகிறது என்று அமெரிக்காவே 2015இலிருந்து அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது.

நமது ஊரில் இளம்பெண்கள் கையில் அதிகம் புழங்கும் ஆபத்தான மருந்து, கடும் முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் காப்ஸ்யூல். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 35 பேர் வரை காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் பெரிய குறைபாட்டுடன் பிறந்திருக்கிறார்கள். தோழி சாப்பிட்டு முகம் பளிச்சென்று ஆனது என்று வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை இது. சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும், உறுதியான கருத்தடை வேண்டும். அந்த ஒரு மாதமும் ரத்ததானம்கூடச் செய்யக் கூடாது; உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்குத் தரப்படும் அசிட்ரெடின் இன்னும் கடுமையானது. மது உடலில் இருந்தால் அது கொழுப்பில் தங்கும் வேறொரு பொருளாக மாறிவிடும். அதனால்தான் நிறுத்திய பிறகும் 3 ஆண்டு கருத்தரிக்கக் கூடாது என்கிறார்கள். திருமணமாகாத பெண்ணுக்கு இதை எழுதும்போது இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் மருத்துவர்களும், சொல்லத் தயங்கும் பெண்களும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது குழந்தை.

அடுத்தது வால்ப்ரோயேட். வலிப்புக்கும், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும், சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கும் தருகிறார்கள். பெரிய குறைபாடு வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 10. முதுகுத்தண்டு மூடாமல் போவதும் அதில் அடங்கும். அதைவிட வலி தருவது, 30 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சும் கற்றலும் பின்தங்குவது. ஸ்கேனில் இது தெரியவே தெரியாது. லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் போன்றவை இதைவிட மிகவும் பாதுகாப்பானவை. ஆனால் ஒரு மாத்திரையைக் குறைத்து மற்றொன்றை ஏற்றி, வலிப்பு வராமல் நிலைநிறுத்த மாதங்கள் ஆகும். அதைக் கருத்தரிக்கும் முன்பே செய்துமுடிக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த அன்றே பயந்து மாத்திரையைத் தூக்கியெறிந்தால், தொடர் வலிப்பு வந்து தாயும் குழந்தையும் சேர்ந்தே போகும் ஆபத்து இருக்கிறது. அதே நாளில் நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். அவர் சொல்லும் வரை மாத்திரையைத் தொடருங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு மாற்றியவர்கள் வார்ஃபரினோ அசெனோகௌமராலோ சாப்பிடுவார்கள். 6ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை இவை கருவின் மூக்கெலும்பையும் எலும்பு முனைகளையும் பாதிக்கும். ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆனால் செயற்கை வால்வில் ரத்தம் உறைந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்த வாரத்தில் எதற்கு மாற்றுவது என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரைகளில் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை நாலாவது மாதத்துக்குப் பிறகு கருவின் சிறுநீரகத்தை முடக்கும். சிறுநீர் குறைவதால் பனிக்குட நீர் வற்றும், நுரையீரல் விரியாது. லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று நல்ல மாற்றுகள் இருப்பதால் இதில் குழப்பமே வேண்டியதில்லை. முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கலைக்கவும் செய்யும், மண்டையோட்டையும் கை கால்களையும் கெடுக்கவும் செய்யும். கருத்தரிப்பதற்குச் சில மாதம் முன்பே மருத்துவர் சொல்லி நிறுத்த வேண்டும். லெஃப்லுனோமைடு சாப்பிட்டவர்களுக்கு நிறுத்துவது மட்டும் போதாது. உடலில் இரண்டு வருடம்வரை தங்கக்கூடியதால், கொலெஸ்டிரமின் தூளை 11 நாள் கொடுத்து வெளியேற்றுவார்கள். சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் மைக்கோஃபினோலேட்டைக் குறைந்தது 6 வாரம் முன்பே அசதயோபிரினுக்கு மாற்றிவிடுவது வழக்கம். தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்கான கார்பிமசோலையும் முதல் மூன்று மாதத்துக்கு மாற்றுவார்கள்.

கைக்கு எளிதில் கிடைப்பவற்றில், டாக்சிசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் நாலைந்தாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் பற்களைப் பழுப்பாக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் 20ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரைக் குறைக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. மருத்துவர் எழுதிய சிறிய அளவு ஆஸ்பிரின் பிரஷரைத் தடுக்கத் தரப்படுவது. அதைப் பயந்து விடாதீர்கள். காசநோய் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் குழந்தையின் செவியைப் பாதிக்கும். மற்ற முதல்நிலை மாத்திரைகளை நிறுத்துவதுதான் ஆபத்து.

கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள மிசோப்ரோஸ்டால் கருப்பையை இறுக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. கலையாமல் கரு தங்கிவிட்டால், முகத் தசைகள் செயலிழப்பதும் கை கால் குறைவதும் வரலாம். ‘ரத்தம் போயிடுச்சு, சரியாப்போச்சு’ என்று இருந்துவிட்டு நாலாவது மாதம் வயிறு தெரியும்போது வருபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்தில் முழுவதும் கலைந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும்.

நாட்டு மருந்துகளில் வேர், இலைக் கஷாயங்களைவிடப் பற்பம், செந்தூரம் என்ற பெயரில் வரும் உலோகச் சேர்மானங்களைத்தான் அஞ்ச வேண்டும். கடைகளில் விற்ற தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. கர்ப்ப காலத்தில் வேண்டாம். ஆண் குழந்தை பிறக்கும் என்று கொடுக்கும் மருந்தை எந்தப் பெயரில் கொடுத்தாலும் தொடாதீர்கள். குழந்தையின் பாலினம் கரு உருவாகும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஹரியானாவில் அத்தகைய மருந்து சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

நான்காம் படி: தாயின் சர்க்கரை, காய்ச்சல், அம்மை

வெளியிலிருந்து வருவது மட்டுமே நஞ்சு அல்ல. கட்டுப்படாத சர்க்கரை, கருவின் இதயத்தையும் தண்டுவடத்தையும் வால்ப்ரோயேட்டுக்குக் குறையாமல் கெடுக்கும். இளவயதிலேயே சர்க்கரை வரும் நம் மக்களிடம் இது மிக முக்கியம். எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. 10க்கு மேல் இருந்தால் குறைக்கும் வரை கருத்தடையைத் தொடருங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், திட்டமிடும் மாதத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டையும் அதே ரத்தத்தில் பார்க்கலாம். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வரும் சர்க்கரை வேறு. உறுப்புகள் உருவான பிறகு வருவதால் அது இந்தக் குறைபாடுகளை உண்டாக்காது.

முதல் ஆறு வாரத்தில் உடல் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பல மணி நேரம் நீடித்தால் நரம்புக் குழாய் மூடாமல் போகும் வாய்ப்பு கூடும். ‘மாசமா இருக்கும்போது மாத்திரை போடக் கூடாது’ என்று காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு படுத்திருப்பது தவறு. பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஈரத்துணி ஒத்தடம், நிறையத் தண்ணீர். அதோடு காய்ச்சலின் காரணம் என்ன என்று அன்றே பார்க்க வேண்டும். வெயிலில் நாள் முழுக்க வேலைசெய்வதும் லேசான விஷயமில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலைசெய்த பெண்களை உள்ளிட்ட 800 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை தாய்க்கு லேசான தடிப்போடு போய்விடும். முதல் 12 வாரத்தில் வந்தால் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் வரை கண்புரை, செவிட்டுத்தன்மை, இதய ஓட்டை என்று பாதிக்கப்படுவார்கள். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு வந்த பச்சைக் குழந்தைகளின் தாய்மாரை விசாரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். அப்போது அதைவிட மூத்தவராக இருந்து, தனியாரிடம் எம்எம்ஆர் ஊசியும் (ரூபெல்லாவும் சேர்ந்த தடுப்பூசி) போடாதவர் என்றால், உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டு ஊசி போடுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். கர்ப்பமாக இருக்கையில் இந்த ஊசி போடக் கூடாது. தெரியாமல் போட்டிருந்தால், அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. சின்னம்மை வராதவர்களும் அந்த ஊசியை இதே போல முன்னரே போட்டுக்கொள்ளலாம். முதல் பரிசோதனையில் எடுக்கும் விடிஆர்எல் என்பது பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோய்க்கான பரிசோதனை. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் எடுப்பதுதான். பென்சிலின் ஊசியால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்.

ஐந்தாம் படி: தட்டு, கிண்ணம், குங்குமச் சிமிழ்

மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பீர், ஒயின் எதுவானாலும் அதே எரிசாராயம்தான். முகத்தையும் வளர்ச்சியையும், எல்லாவற்றுக்கும் மேல் மூளையையும் தாக்கும். புகையிலை வெற்றிலையோடு வாயில் ஒதுக்கினாலும் நிகோடின் கருவுக்குப் போகும். கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட் புகையும் எடைக் குறைவை உண்டாக்கும். வெற்றிலை போடும் பழக்கமுள்ள பெண்கள் மருத்துவரிடம் ‘புகையிலை உண்டா?’ என்ற கேள்விக்கு இல்லை என்றே சொல்லிவிடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

ரத்தசோகைக்கு ஆட்டு ஈரல் கொடுப்பது நம் வழக்கம். ஈரலில் உள்ள வைட்டமின் ஏ நேரடி வடிவிலானது. தினம் 10,000 அலகுக்கு மேல் போனால் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது. 100 கிராம் ஈரலிலேயே அதைத் தாண்டிவிடலாம். அதற்குப் பதில் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) கொடுங்கள். இரும்பு நிறைய இருக்கிறது, இந்தச் சிக்கல் இல்லை. மீன் ஈரல் எண்ணெய்க் காப்ஸ்யூலும் வேண்டாம். காரட், கீரை, மாம்பழத்தில் இருப்பது உடல் தேவைக்கேற்ப மட்டும் மாற்றிக்கொள்ளும் வடிவம். தாராளமாகச் சாப்பிடலாம்.

மீனை விடாதீர்கள், தேர்ந்து வாங்குங்கள். ஜப்பானின் மினமாட்டாவில், 1956இல் நோய் வெளியே தெரியவந்தபோது, லேசான அறிகுறி மட்டுமே இருந்த தாய்மாருக்கும் கடும் மூளைப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் சேர்ந்து, தாயிடமிருந்து கருவுக்குப் போயிருந்தது. பாதரசம் சிறிய மீனைத் தின்னும் பெரிய மீனில் திரளும். எனவே சுறா, கொப்பரன் வேண்டாம். பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் எப்போதாவது போதும். மத்தி, நெத்திலி, அயிலை, கெண்டை போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று முறை, வேளைக்கு 100 கிராம் அளவில் சாப்பிடுங்கள். குழந்தையின் மூளைக்கு அது தேவை. பாதரசம் வரும் இன்னொரு வழி, பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்கள். தயாரித்தவர் முகவரி இல்லாததைத் தூக்கிப்போடுங்கள்.

ஈயம் உறுப்பைச் சிதைக்காது, மூளையை மந்தமாக்கும். தாயின் எலும்பில் பல வருடமாகச் சேர்ந்தது கர்ப்பத்தில் கால்சியத்தோடு கரைந்து வெளிவரும். ஈயச்சொம்பு ரசம் மணக்கும். சொம்பு சுத்த வெள்ளீயமாக (டின்) இருந்தால் சரி. காரீயம், அதாவது இங்கே சொல்லும் நஞ்சான ஈயம், கலந்து விற்பதும் உண்டு, புளிப்பு அதைக் கரைத்துவிடும். உறுதியாகத் தெரியாத சொம்பை எடுத்து வையுங்கள். ஈயம் கலந்திருக்கக்கூடிய பளீரென்ற செந்நிற மலிவுச் சிந்தூரத்துக்கு மாறாக மஞ்சளில் செய்த குங்குமம் வையுங்கள். மஞ்சளையும் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. பழைய வீட்டுக்கு வெள்ளை, பெயின்ட் சுரண்டும் வேலை நடந்தால் கர்ப்பிணி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் உடல் ஈயத்தை உறிஞ்சுவது குறையும்.

ஆறாம் படி: வேலை செய்யும் இடம்

உங்கள் கை படும் வேதிப்பொருளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கலனோடும் பாதுகாப்புத் தகவல் தாள் வர வேண்டும். மேற்பார்வையாளரிடம் கேட்டால் காட்ட வேண்டும். ஷூ ஒட்டும் பசை, அச்சகக் கழுவு திரவம், தின்னர் ஆகியவற்றின் ஆவி, மூடிய அறையில் தலைசுற்றும் அளவுக்கு இருந்தால் அது கருவுக்கும் அதிகம். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். வயலில் மருந்தடிப்பதும், மருந்து கலப்பதும், அடித்த அன்றே களையெடுப்பதும் வேண்டாம். செவிலியர்கள் புற்றுநோய் ஊசி மருந்து கலக்கும் பணியிலிருந்து விலக்கு கேட்கலாம். கணவர் பேட்டரி பிரிக்கும் இடத்திலோ பெயின்ட் வேலையிலோ இருந்தால், அவர் அங்கேயே குளித்து உடை மாற்றி வர வேண்டும். அந்தத் துணியைக் கர்ப்பிணி உதறவோ துவைக்கவோ கூடாது.

ஏழாம் படி: எக்ஸ்ரே

இதில் பயம்தான் அதிகம், ஆபத்து குறைவு. உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிகிரே என்ற அலகில் அளக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. ஒன்பது மாதத்தில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாகவே கருவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிரே சேர்ந்துவிடுகிறது. குறைபாடு வரக்கூடும் என்று எண்ணத் தொடங்குவது 50 மில்லிகிரேக்கு மேல்தான். பல் எக்ஸ்ரே, கை கால் எக்ஸ்ரே எதுவும் அதன் அருகில்கூட வராது. வயிற்று சிடி ஸ்கேன் ஒன்றும் பெரும்பாலும் அதற்குள்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. உண்மையாகவே விலக்க வேண்டியது கதிரியக்க அயோடின். பத்து, பன்னிரண்டு வாரத்துக்குப் பின் அது கருவின் தைராய்டை அழித்துவிடும். அந்த சிகிச்சை எடுத்தால் 6 மாதம் கருத்தரிக்க வேண்டாம்.

கிரகணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கிரகண நேரத்தில் காய் நறுக்கியதால் உதடு பிளந்தது என்று ஒரு தாயை வீடே குற்றம் சொல்வதை இன்றும் காண்கிறோம். உதடு இணைவது கரு உருவான ஏழாம் வாரத்துக்குள். அதன் பிறகு வந்த எந்தக் கிரகணமும் அதைப் பிளக்க வழியில்லை, அதற்கு முன் வந்ததும் அப்படியே. குடும்ப வழி இயல்பு, புகையிலை, டோபிரமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் ஆகியவைதான் அறியப்பட்ட காரணங்கள். அந்தத் தாய் எந்தத் தவறும் செய்யவில்லை.

எட்டாம் படி: ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்

ஒரு தாளில் நாலு விவரம் எழுதுங்கள்: பொருளின் பெயரும் அளவும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடைசி மாதவிலக்கின் முதல் நாள், எதற்காகச் சாப்பிட்டீர்கள். இந்த நாலும் இருந்தால் மருத்துவர் முதல் படியில் சொன்ன கணக்கைப் போட்டு, எந்த உறுப்பு உருவாகும் நேரம் அது என்று சொல்லிவிடுவார். உடனே யாரையும் பார்க்க முடியாவிட்டால், தமிழ்நாட்டில் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவுசெய்யும்போதும் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

முதல் ஸ்கேனில் கருவின் வயதை உறுதிசெய்வார்கள். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கு எல்லாக் கணக்கும் இதனால் மாறக்கூடும். 11 முதல் 13 வாரத்தில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன், இதயத்தில் சந்தேகம் இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ. ஸ்கேன் செய்பவரிடம் எந்த மருந்துக்காகப் பார்க்கிறோம் என்று சொன்னால் அந்த உறுப்பைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். ஆனால் மூளை எப்படி வேலைசெய்யும் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. மது, வால்ப்ரோயேட், ஈயம் பட்டிருந்தால் குழந்தையின் பேச்சையும் நடையையும் கற்றலையும் பள்ளி வயது வரை பார்த்துவர வேண்டும். சீக்கிரம் தொடங்கும் பயிற்சி நல்ல பலன் தரும்.

கருவில் கடுமையான குறைபாடு உறுதியானால், 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி மருத்துவக் குழு ஒப்புதலுடன் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆகவே ஆறாவது வாரத்தில், எதுவும் தெரியாத நிலையில், யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டியதில்லை. ‘மாத்திரை சாப்பிட்டுட்டியா, எதுக்கு ரிஸ்க், எடுத்துடலாம்’ என்று யார் சொன்னாலும், அந்த மருந்துக்கு நூற்றில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடமிருந்து வேறொரு மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் இரண்டாவது கருத்து கேட்கலாம். போகும்போது அந்தத் தாளையும், மருந்து அட்டையையும், இதுவரை எடுத்த ஸ்கேன்களையும் கையோடு கொண்டுபோங்கள்.